நாட்செஸில் இரண்டு நாள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஓய்வாக ஒரு வார இறுதியைக் கழிக்கப் பழமையான சிற்றூர் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸைத் தயங்காமல் சொல்லலாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மாளிகை டூர்களை இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த ஊருக்குப் போய்விட்டுச் சலிப்போடு திரும்புகிறவர்களில் பலர், சனிக்கிழமை ஒரே நாளில் நான்கு வீடுகளுக்கு டிக்கெட் வாங்கியவர்களாக இருப்பார்கள். மூன்றாவது வீட்டுக்கு வரும்போது எல்லா சாண்ட்லியரும் ஒன்றுபோலத் தெரியும். நான்காவதில் கால்வலி மட்டும்தான் மிஞ்சும்.

மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில், ஏறத்தாழ 200 அடி உயரமான செங்குத்துக் கரைமேட்டின் மேல் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 15 ஆயிரத்துக்கும் குறைவு. 1716-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ரோசலி கோட்டையைக் கட்டினார்கள். நியூ ஆர்லியன்ஸ் உருவாவதற்கு இரண்டு வருடம் முந்தையது இது. உள்நாட்டுப் போரில், 1862-இல், நாட்செஸ் பெரிய சண்டை எதுவும் இல்லாமல் வடக்குப் படையிடம் பணிந்தது. ஆற்றின் மேல்பக்கத்தில் விக்ஸ்பர்க் நகரம் முற்றுகையில் நொறுங்கியபோது நாட்செஸ் வீடுகள் தப்பியதற்கு அதுதான் முக்கியக் காரணம். போருக்கு முந்தைய காலத்துக் கட்டடங்கள் இவ்வளவு நெருக்கமாக ஒரே ஊரில் நிற்பதை வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாது.

போய்ச் சேருவது

நாட்செஸுக்குப் பயணிகள் விமானமும் கிடையாது, ரயிலும் கிடையாது. கார்தான் வழி. பேட்டன் ரூஜிலிருந்து 61-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 90 மைல், ஒன்றே முக்கால் மணி நேரம். மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனிலிருந்து இரண்டு மணி நேரம், நியூ ஆர்லியன்ஸிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். ஹூஸ்டனிலிருந்து வருகிறவர்கள் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். டாலஸிலிருந்து என்றால் ஆறு. விமானத்தில் வருவதானால் ஜாக்சனிலோ பேட்டன் ரூஜிலோ இறங்கி, அங்கேயே வாடகைக் கார் எடுத்துவிட வேண்டும். ஊருக்குள் போய் ஊபர் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே சரிப்படாது. லாங்வுட், மெல்ரோஸ் போன்ற மாளிகைகளும், பூர்வகுடி மக்களின் பழைய தலைமையிடமான கிராண்ட் வில்லேஜும் ஊருக்கு வெளியே ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன.

எப்போது போவது? மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை அசேலியா பூத்திருக்கும். அப்போதுதான் 'பில்கிரிமேஜ்' என்னும் வீடு திறப்பு விழாவும் நடக்கும். 1931-இல் தோட்டக் கழகப் பெண்களின் மாநாடு இங்கே நடந்தபோது, பருவம் தப்பி வந்த உறைபனி பூக்களையெல்லாம் கருக்கிவிட்டது. காட்டத் தோட்டம் இல்லாததால் வீட்டைத் திறந்து காட்டினார்கள். அது பிடித்துப்போய், 1932 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் தனியார் வீடுகளைப் பார்க்க வேண்டுமானால் இந்த வாரங்கள்தான் வாய்ப்பு. ஆனால் அறை வாடகை ஏறும். இரண்டு இரவுக்குக் குறைந்தால் பல விடுதிகளில் தர மாட்டார்கள். ஓய்வுதான் நோக்கம் என்றால் எங்கள் வாக்கு அக்டோபர் இறுதிக்கும் நவம்பருக்கும். அக்டோபரில் வெப்பக்காற்றுப் பலூன் திருவிழா நடக்கும் வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று ஊரே நிரம்பிவிடும். ஜூலை, ஆகஸ்டில் 33 டிகிரி வெயிலோடு சென்னைப் புழுக்கமும் கொசுவும் சேர்ந்துவரும். குளிர்சாதனம் இல்லாத லாங்வுட் மேல்தளத்தில் அப்போது முக்கால் மணி நேரம் நிற்பது தண்டனை.

இன்னொரு கண்ணி, கிழமை. சின்ன ஊர் என்பதால் பல கடைகளும் உணவகங்களும் ஞாயிறு, திங்களில் மூடியிருக்கும். சில செவ்வாயும் திறப்பதில்லை. சனி இரவு தங்கி ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றலாம் என்று திட்டமிட்டால் பாதிக் கதவுகள் சாத்தித்தான் இருக்கும். வெள்ளி மாலைக்குள் வந்து சேர்ந்து, சனிக்கிழமை முழுவதையும் ஊருக்குக் கொடுத்து, ஞாயிறு காலையை நாட்செஸ் டிரேஸ் சாலைக்கு ஒதுக்குவதே சரியான வரிசை. சாலைக்கும் அதன் ஓரத்தில் பூர்வகுடிகள் எழுப்பிய மண்மேட்டுக்கும் விடுமுறை கிடையாது.

தங்குமிடம்

61-ஆம் நெடுஞ்சாலை ஓரத்துச் சங்கிலி ஹோட்டல்கள் இரவுக்கு நூறு டாலரை ஒட்டி இருக்கும். ஊருக்குள் பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். இந்த ஊரில் கூடுதல் பணம் கொடுத்துப் பழைய வீட்டில் தங்குவது தகும். காலையில் எழுந்து ஆற்றங்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்பதே முதல் காரணம்.

முன்பதிவு செய்யும்போது நான்கு கேள்விகள் கேட்டுவிடுங்கள். அறை எந்த மாடியில்? பல வீடுகளில் லிஃப்ட் கிடையாது, படிகளும் செங்குத்து. முழங்கால் வலியோடு வரும் அம்மா அப்பாவுக்குத் தரைத்தளம்தான் சரி. குழந்தைகளைச் சேர்ப்பார்களா? பழைய மரச்சாமான்கள் உள்ள விடுதிகள் சிலவற்றில் வயது வரம்பு உண்டு. காலை உணவு எத்தனை மணிக்கு? பெரும்பாலும் ஒரே பந்திதான், எட்டரைக்கோ ஒன்பதுக்கோ. நான்காவது, அறை மூல வீட்டில் இருக்கிறதா, பின்கட்டில் இருக்கிறதா? பின்கட்டு என்று இன்று அழகாகச் சொல்லப்படும் கட்டடங்களில் பல ஒரு காலத்தில் சமையற்கட்டும், அடிமைப்படுத்தப்பட்டவர்கள் படுத்து எழுந்த அறைகளும். அங்கே தங்குவதா வேண்டாமா என்பது அவரவர் மனசு. ஆனால் தெரிந்து முடிவு செய்ய வேண்டும்.

எந்த இரண்டு வீடு

முதலாவது லாங்வுட். இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஹாலர் நட் என்ற பருத்திப் பண்ணை முதலாளிக்காக, பிலடெல்பியாவின் கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோன் வரைந்த எண்கோண மாளிகை இது. உச்சியில் வெங்காயம்போலக் குவிந்த கோபுரம். 1860-இல் வேலை தொடங்கியது. அடுத்த வருடம் போர் வந்ததும், வடக்கிலிருந்து வந்திருந்த தச்சர்களும் கொத்தர்களும் கருவிகளைப் போட்டது போட்டபடி ஊர் திரும்பிவிட்டார்கள். திட்டமிட்ட 32 அறைகளில் அடித்தளத்தின் ஒன்பது அறைகள் மட்டும் முடிந்தன. 1864-இல் ஹாலர் நட் இறந்துபோக, அவர் மனைவியும் பிள்ளைகளும் அந்த அடித்தளத்திலேயே காலம் தள்ளினார்கள்.

டூரில் முதலில் இந்த ஒன்பது அறைகளைக் காட்டுவார்கள். பிறகு படியேறினால், பூச்சே இல்லாத செங்கல் சுவர்கள், வெறும் மரச் சட்டங்கள், நிமிர்ந்து பார்த்தால் கோபுர உச்சி வரை திறந்த கூடு. ஒரு பெரிய மாளிகையின் எலும்புக்கூட்டுக்குள் நிற்கிறோம். தச்சர்கள் விட்டுப்போன கருவிகள், பெயிண்ட் டப்பாக்கள், சாமான் வந்திறங்கிய மரப்பெட்டிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. மெருகேற்றிய மாளிகை எதுவும் சொல்லாத ஒன்றை இந்த அரைகுறை வீடு சொல்லிவிடுகிறது: சுவருக்குப் பின்னால் எப்படிக் கட்டினார்கள், யார் உழைப்பில் கட்டினார்கள், பணம் எப்படி ஒரே வருடத்தில் நின்றுபோனது என்று. பொதுவாக ஒரு வீட்டு டூருக்கு ஆளுக்கு 25 டாலர் அளவில் வரும், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆற்றில் குரூஸ் கப்பல் வந்து நிற்கும் நாட்களில் பேருந்து பேருந்தாகக் கூட்டம் இறங்கும். நாளின் முதல் டூருக்கே போய்விடுவது நல்லது. படம் எடுக்கும் விதி அறைக்கு அறை மாறலாம், கைடைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இரண்டாவதாக, தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கும் மெல்ரோஸ். 1840-களில் வழக்கறிஞர் ஜான் மெக்மரனுக்காகக் கட்டியது. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் மகாகனி மரத்துப் பங்காவை நின்று பாருங்கள். நம் ஊரில் கலெக்டர் கச்சேரியில் ஆள் உட்கார்ந்து கயிறு இழுத்த அதே பங்காதான்; பெயர்கூட அதேதான், பங்கா. இங்கே கயிற்றை இழுத்தது அடிமைப்படுத்தப்பட்ட ஒரு சிறுவன். விருந்தினர் சாப்பிட்டு எழும்வரை இழுக்க வேண்டும். வீட்டின் பின்தாழ்வாரத்தில் வரிசையாக மணிகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாதம். எந்த மணி அடித்தால் எந்த அறைக்கு யார் ஓட வேண்டும் என்பது காதிலேயே தெரிய வேண்டும். எதிரே அடிமைப்படுத்தப்பட்டவர்கள் குடியிருந்த கட்டடங்களும் அப்படியே நிற்கின்றன. பூங்காத் துறை கைடுகள் இதை மழுப்பாமல் சொல்வார்கள். மெல்ரோஸைத் தேர்ந்தெடுக்க அதுவே பெரிய காரணம். தனியார் டூர்கள் சிலவற்றில் வெள்ளிப் பாத்திரத்துக்குப் பத்து நிமிடமும், அதைத் துலக்கியவர்களுக்கு அரை வாக்கியமும்தான் கிடைக்கும். அப்படியான இடத்தில், இந்த வீட்டில் எத்தனை பேர் அடிமையாக இருந்தார்கள், எங்கே தூங்கினார்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்ல கைடு என்றால் அந்தக் கேள்வியிலிருந்து டூரே வேறாகிவிடும்.

ஸ்டான்டன் ஹால் அழகுதான். 1857-இல் முடிந்தது, ஒரு முழுத் தெருக்கட்டையே அடைத்து நிற்கிறது. வெளியே நின்று தூண்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

டிக்கெட் இல்லாமல் பார்க்க வேண்டியவை

லாங்வுட்டையும் மெல்ரோஸையும் பார்த்தவர்கள் ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடைப் பார்க்காமல் போகக் கூடாது. ஊர் மையத்திலிருந்து கிழக்கே ஒரு மைல் தூரத்தில், செயின்ட் கேதரின் தெரு முடியும் கூட்டுரோடு. 1833-இல் அடிமை வியாபாரிகள் ஊர் எல்லைக்கு வெளியே போக வேண்டும் என்று நகரம் விதி செய்ததும், அவர்கள் கடைவிரித்த இடம் இது. தெற்கில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய மனிதச் சந்தையாக 1863 வரை நடந்தது. அதன் கொட்டகைகளைப் பிரித்தவர்களில் வடக்குப் படையின் கறுப்பின வீரர்களும் உண்டு. இன்று அங்கே கட்டடம் எதுவும் கிடையாது. புல்தரை, விளக்கப் பலகைகள், சிமெண்டில் பாதி புதைத்த இரும்புச் சங்கிலியும் விலங்கும். பக்கத்தில் கார்கள் போய்க்கொண்டே இருக்கும். இருபது நிமிடம் போதும். சனிக்கிழமை மெல்ரோஸிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியிலேயே முடித்துவிடலாம்.

ஸ்டேட் தெருவில் வில்லியம் ஜான்சன் வீடு. அடிமையாகப் பிறந்து, 1820-இல் பதினொரு வயதில் விடுதலை பெற்று, முடிதிருத்தும் கடைகள் நடத்தி முன்னேறிய கறுப்பினத்தவர் அவர். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார். யாருக்கு எவ்வளவு கடன், யார் யாரோடு சண்டை, எந்தக் குதிரை ஜெயித்தது என்று ஊரின் அன்றாடம் முழுக்க அதில் இருக்கிறது. அவரே சிலரை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதையும் அந்த நாட்குறிப்பே சொல்கிறது. 1851-இல் எல்லைத் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். பார்த்த சாட்சிகள் கறுப்பினத்தவர். சுட்டவர் தன்னை வெள்ளையர் என்று வாதாடியதால், அவருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையானார். இதுவும் பூங்காத் துறை இடம்தான், கட்டணம் இல்லை. ஆனால் திறக்கும் நேரம் மாறும்; அந்த வாரத்து நேரத்தைப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

கிராண்ட் வில்லேஜ் என்ற 128 ஏக்கர் இடம்தான் ஊருக்குப் பெயர் கொடுத்த நாட்செஸ் என்ற பூர்வகுடி மக்களின் தலைமையிடம். 1729-இல் அவர்கள் பிரெஞ்சுக் கோட்டையைத் தாக்கினார்கள். பதிலடியில் அந்த மக்கள் சிதறடிக்கப்பட்டு, பலர் கரீபியத் தீவுக்கு அடிமைகளாக விற்கப்பட்டார்கள். மூன்று மண்மேடுகள், சிறிய அருங்காட்சியகம், மர நிழலில் நடக்கப் பாதை. குழந்தைகள் ஓடியாட இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. புல்லில் உட்காரும்முன் தரையைப் பாருங்கள். தெற்கின் நெருப்பெறும்பு கடித்தால் கொப்புளம் வாரக்கணக்கில் நிற்கும்.

நேரம் இருந்தால் 1822-இல் தொடங்கிய நகரக் கல்லறைத் தோட்டத்துக்கும் போகலாம். 1871-இல் பத்து வயதில் இறந்த ஃபுளோரன்ஸ் ஃபோர்டு என்ற சிறுமிக்கு இடி மழை என்றால் பயம். அதனால் அவள் தாய், கல்லறைக் கல்லுக்குப் பின்னால் சவப்பெட்டியின் ஆழம் வரை படிகள் கட்டி, தலைமாட்டில் கண்ணாடியும் வைத்தார். மழை வரும்போதெல்லாம் கீழே இறங்கி மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். கண்ணாடிக்கு முன்னால் பிற்காலத்தில் சுவர் எழுப்பிவிட்டார்கள். படிகள் இன்னும் இருக்கின்றன, மேலே மூடிக்கொள்ள இரும்புக் கதவும் இருக்கிறது.

மாலைக்குக் கரைமேடு. ஊர் மேற்கே பார்த்து நிற்பதால் சூரியன் எதிர்க்கரையான லூசியானாவின் தட்டை நிலத்தில் இறங்கும். அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பே போய் பெஞ்சில் இடம் பிடியுங்கள். இருட்டுமுன் சில்வர் தெரு வழியாக 'அண்டர் தி ஹில்' என்னும் பழைய படகுத்துறைக்கு இறங்கலாம்; அந்தக் காலத்துத் துறையின் பெரும்பகுதியை ஆறு தின்றுவிட்டது, மிஞ்சியது இந்த ஒரு தெருதான். இறங்குவது சுலபம், ஏறுவது மூச்சு வாங்கும். பெரியவர்கள் இருந்தால் காரிலேயே போங்கள்.

சாப்பாடு

இங்கே பிஸ்கட் என்றால் டீயில் தொட்டுத் தின்பது இல்லை. மோர், வெண்ணெய், மென்மையான கோதுமை மாவு சேர்த்துச் சுட்ட, விரலால் பிரித்தால் ஏடு ஏடாக வரும் ரொட்டி. சூடாக வரும்போதே சாப்பிட வேண்டும். ஆறிய பத்தாவது நிமிடம் மாவுருண்டை. இன்னொன்று டமாலி. காரமான இறைச்சியைச் சோள மாவில் பொதிந்து, சோளத் தோகையில் சுற்றி வேகவைப்பது. இலைக்கொழுக்கட்டை தெரிந்தவர்களுக்கு உடனே பழகிவிடும். அரை டஜன், ஒரு டஜன் என்றுதான் விற்பார்கள். ஒருவருக்கு அரை டஜன் போதும். தோகையைத் தின்னக் கூடாது, பிரித்துப் போட வேண்டும். கேனல் தெருவில் உள்ள ஃபேட் மாமாஸ் இதற்குப் பெயர்போனது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். மெனுவில் காய்கறி என்று எழுதியிருக்கும் கீரைக்குள் பன்றி எலும்பு வெந்திருக்கும். சிவப்பு பீன்ஸில் சாசேஜ் இருக்கும். கிரிட்ஸ் என்னும் சோளக் கஞ்சியைக் கோழிச் சாற்றில் காய்ச்சுகிறவர்கள் உண்டு. பிஸ்கட்டில் வெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பும் சேரலாம். 'இறைச்சி இல்லையே' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் துண்டு இல்லை. 'எதில் வேகவைத்தீர்கள், எந்தக் கொழுப்பு' என்று கேட்டால்தான் உண்மை வரும். தோசையை நம்பிப் போகிற ஊர் இது இல்லை. குளிர்பெட்டியில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் ஞாயிற்றுக்கிழமை பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

ஞாயிறு காலை: டிரேஸ்

நாட்செஸ் டிரேஸ் பார்க்வே இங்கே பூஜ்ய மைலில் தொடங்கி நாஷ்வில் வரை 444 மைல் ஓடுகிறது. சுங்கம் இல்லை, லாரி இல்லை, விளம்பரப் பலகை இல்லை. பெட்ரோல் பங்க்கும் இல்லை. கிளம்புமுன் டாங்கை நிரப்புங்கள். வேக வரம்பு மணிக்கு 50 மைல், ரேஞ்சர்கள் கண்டிப்பானவர்கள். செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்திக்குப் பிறகு மான் குறுக்கே பாயும், விளக்கும் கிடையாது, காலையே சரி. பழுது வேலைக்காகச் சில பகுதிகளை மூடுவார்கள் என்பதால் முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

10.3-ஆம் மைலில் எமரால்டு மவுண்ட். நாட்செஸ் மக்களின் முன்னோர் எழுப்பிய, சுமார் எட்டு ஏக்கர் பரப்புள்ள மண்மேடு. அந்த வகையில் அமெரிக்காவில் இரண்டாவது பெரியது. மேலே ஏறினால் சமதளமாக ஒரு மைதானம், அதன் ஓரத்தில் இன்னொரு மேடு. 15.5-ஆம் மைலில் மவுண்ட் லோகஸ்ட் என்ற பழைய வழிச்சத்திரம். படகில் சரக்கோடு ஆற்றோட்டத்தில் இறங்கி வந்தவர்கள், எதிர்த்துத் துடுப்புப் போட முடியாததால் படகையே மரமாக விற்றுவிட்டு டிரேஸ் என்ற பழைய நடைபாதையில் வடக்கே நடந்து போனபோது இரவு தங்கிய இடம். ஹூஸ்டன் பக்கம் போகிறவர்கள் இதோடு திரும்பிவிடலாம்.

ஜாக்சன் வழியாகப் போகிறவர்கள் 41.5-ஆம் மைல் வரை கட்டாயம் போக வேண்டும். அங்கே இருப்பது அந்தப் பழைய நடைபாதையின் ஒரு துண்டு. இந்தப் பகுதி மண் காற்று கொண்டுவந்து படியவைத்த மெல்லிய வண்டல். மிதித்தால் பொடியும், ஆனால் வெட்டிய பக்கம் சுவர்போல நிற்கும். ஆயிரக்கணக்கான காலடிகளும் குளம்புகளும் மழையும் சேர்ந்து பாதையை ஆளுயரத்துக்கும் மேலே அகழிபோலப் பள்ளமாக்கிவிட்டன. இரண்டு பக்கமும் மர வேர்கள் சுவரிலிருந்து வெளியே தொங்கும். நடந்து முடிக்க ஐந்து நிமிடம்தான். மழை பெய்திருந்தால் வழுக்கும், பிடிப்புள்ள ஷூ வேண்டும். மூன்று மூன்று இலையாக இருக்கும் கொடியைத் தொட வேண்டாம், அரிப்பு எடுக்கும். காருக்குள் ஏறுமுன் குழந்தைகளின் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டுச்சோற்றை இங்கே பிரிப்பதைவிட, இன்னும் பதின்மூன்று மைல் தள்ளி ராக்கி ஸ்பிரிங்ஸில் மேசை போட்ட இடத்தில் பிரிப்பது வசதி. டாங்கு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் 41.5-ஆம் மைலுக்கு வருமுன்பே போர்ட் கிப்சனில் சாலையை விட்டு இறங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.